போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறொன்று

சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் பார்க்க ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் ரிட்டர்ன் டிக்கெட் போடாதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஒரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போடுங்கள்.

மலிவு விலை விமானங்களில் ஒருவழி டிக்கெட் பெரும்பாலும் ரிட்டர்னில் பாதிதான் வரும். 12 வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட் என்பதால், ரிட்டர்ன் டிக்கெட்டுக்காக மலேசியாவிலிருந்து வந்த வழியே சிங்கப்பூர் திரும்பும் செலவு ஆளுக்கு ஆள் ஏறும். அதோடு ஒரு பகலும் போய்விடும். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போனால் நடுவில் மலாக்காவில் இறங்கி கோழிச்சோற்று உருண்டை சாப்பிடலாம். சாப்பாட்டுப் பிரியர்கள் சிங்கப்பூரில் இரண்டு இரவோடு நிறுத்திக்கொண்டு மிச்ச நாளை மலேசியாவில் வையுங்கள். அதே காசுக்கு அங்கே இரண்டு வேளை சாப்பிடலாம். நாசி கண்டார் நம் தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் கூடையில் சுமந்து விற்ற சோறு. மீன் குழம்பு தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் ருசியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய விமான நிறுவனங்களில் ஒருவழிக் கட்டணம் சில நேரம் ரிட்டர்னையே தொட்டுவிடும். அங்கே ‘மல்டி சிட்டி’ (போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக இருக்கும் ஒரே டிக்கெட்) என்று போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுச் சுற்றுவதானால் இந்த யோசனை ஒத்துவராது.