ஸ்லோ நிக்கலைன்னா உடனே ஸ்க்ரூவைத் திருகாதீங்க

நடக்கிற வேகத்தில் மோட்டார் சைக்கிளில் பாறை ஏறுவதுதான் ட்ரையல்ஸ். வேகமாகப் போனால் பரிசு கிடையாது. கால் ஒருமுறை தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டம், இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் மூன்று, பாதியில் நின்றுபோனால் ஐந்து. 1975 முதல் உலக சாம்பியன்ஷிப் நடக்கிற விளையாட்டு இது. நம் பக்கம் பெரிய கூட்டம் சேராது என்றாலும், திருப்பூர், பல்லடம் பக்கத்துப் பாறைக்குழி ஓரங்களிலும் பொள்ளாச்சித் தோப்பு ஓடைகளிலும் பழகுகிற பையன்கள் உண்டு. ஒரிஜினல் ட்ரையல்ஸ் வண்டிக்கு எங்கே போவது? பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கிய ஆர்எக்ஸ் 100, இல்லையென்றால் 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ். எந்த வண்டியானாலும் புகார் ஒன்றுதான்: "ஸ்லோல நிக்க மாட்டேங்குதுங்ணா." ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்காமல் ஆஃப் ஆகிவிடுகிறது என்று அர்த்தம்.

ரோட்டு வண்டி சிக்னலில் ஆஃப் ஆனால் ஒரு கிக் அடித்துக் கிளம்பிவிடலாம். பாதி கிளட்சில் கல்லின் மேல் நிற்கும்போது ஆஃப் ஆனால் வண்டியோடு சேர்ந்து கீழேதான். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் அதே தவறைச் செய்கிறார்கள்: ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஐட்லிங் ஸ்க்ரூவை உள்ளே திருகி, ஸ்லோவை ஏற்றி வைக்கிறார்கள். வண்டி நிற்காமல் ஓடுகிறது. பிரச்சினை மட்டும் அங்கேயே இருக்கிறது.

ஐட்லிங் ஸ்க்ரூ பெட்ரோலையும் கூட்டாது, காற்றுக் கலவையையும் திருத்தாது. கார்பரேட்டருக்குள் காற்று வழியை மூடித் திறக்கிற ஸ்லைடைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது எஞ்சினுக்குச் சோறு போடுவது பைலட் ஜெட். மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பார்கள். மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை இழுத்து, ஏர் ஸ்க்ரூ வழியாக வரும் காற்றோடு கலந்து, ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கம் இருக்கிற ஊசித்துளை வழியாக அனுப்புவது அந்த வழிதான். ஸ்லைடின் அடியிலேயே பைபாஸ் துளை என்று இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் அது திறக்கும். ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றிக்கொண்டே போனால் ஸ்லைடு அந்தத் துளையைத் தாண்டி நின்றுவிடுகிறது. பிறகு ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் சத்தத்தில் மாற்றம் தெரியாது. "ஏர் ஸ்க்ரூ வேலையே செய்யறதில்லீங்க" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். இறக்கத்தில் எஞ்சின் பிரேக் கிடைக்காமல் வண்டி முன்னால் தள்ளுவது இதனோடு சேர்ந்து வருகிற வினை. செங்குத்துப் பாறையில் இறங்குகிறவனுக்கு அது விளையாட்டில்லை.

அதனால் முதல் வேலை, ஏற்றி வைத்த ஸ்லோவை இறக்குவது. வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும். எப்படி ஆஃப் ஆகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. ரேஸ் கொடுத்து விட்டவுடன் சத்தம் சட்டென்று கீழே விழுந்து, திக்கித் திணறி, பிறகு மெல்ல ஏறினால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். விட்ட பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் மேலேயே தொங்கி, பிறகு மெதுவாக இறங்கினால் காற்று அதிகம், அதாவது லீன். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் எதைக் கழற்றினாலும் அது குருட்டு வேலை. இதையெல்லாம் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கேட்க வேண்டும். காலையில் எடுத்தவுடன் சோக்கைப் போட்டுக்கொண்டு டியூனிங் பண்ணுகிறவர்களுக்கு மத்தியானம் வேறு வண்டி கிடைக்கும்.

ஹேண்டிலை ஒடித்துப் பாருங்கள்

கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மெக்கானிக், ஐட்லிங் புகாரோடு வருகிற வண்டியில் முதலில் டூல்ஸையே தொடமாட்டார். போன மாதம் ஒரு பையன் ஆர்எக்ஸ் 100-ஐ ஓடவிட்டபடியே ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். "ஸ்க்ரூவ அப்பறம் பாத்துக்கலாங் கண்ணு, மொதல்ல ஹேண்டில ஒடி" என்றார். இடது பக்கம் முழுதாக ஒடித்ததும் சத்தம் விர்ரென்று ஏறியது, நேராக்கினால் இறங்கியது. கேபிள் டேங்குக்கு அடியில் ஃப்ரேமோடு சிக்கி இழுபட்டிருந்தது. கார்பரேட்டரில் ஒரு குறையும் இல்லை.

ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். ட்ரையல்ஸில் ஹேண்டில் எந்நேரமும் கடைசி வரை ஒடிந்துதான் இருக்கும். அந்த இடத்தில் தானாக ரேஸ் ஏறினால் வண்டி எங்கே பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரிப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் லூஸ் விளையாட்டு இருக்க வேண்டும். ஹேண்டிலை ரைசர் போட்டு உயர்த்தியவர்கள் பழைய நீளக் கேபிளையே விட்டிருந்தால் அந்த லூஸ் காணாமல் போயிருக்கும்.

ஏர் இழுக்கிற இடம்

கேபிள் சரியாக இருந்தும் ஸ்லோ மேலே தொங்குகிறதா? கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கோ ஏர் இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஜெட்டை மாற்றி இதைச் சமாளிக்கப் பார்ப்பதுதான் இருக்கிறதிலேயே விலை அதிகமான தவறு, ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கில் லீனாக ஓடுகிற எஞ்சின் ஒருநாள் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும். பிஸ்டனோடு சிலிண்டரைக் கடைகிற போர் செலவும் சேரும்.

கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற மேனிஃபோல்டு ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது தெரியாத வெடிப்பு, வளைத்தால் வாய் திறக்கும். ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-இல், நின்றது 1996-இல். இன்றைக்கு ஓடுகிற வண்டியில் மாற்றாத ரப்பர் இருந்தால் அதற்கு முப்பது வயதாவது ஆகியிருக்கும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஜாயின்ட்களின் மேல் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடித்தால், லீக் உள்ள இடத்தில் சத்தம் மாறும். கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. பிளக் கேப் பக்கத்தில், சூடான சைலன்சருக்கு மேலே அதை அடிப்பது தீயோடு விளையாடுவது.

ஃபிளாஞ்ச் வைத்த, அதாவது தட்டையான விளிம்பில் போல்ட் போட்டு மாட்டுகிற கார்பரேட்டர்களில் இன்னொரு கதை. ஏர் இழுக்கிறது என்று தெரிந்ததும் இரண்டு போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்குவார்கள். அலுமினிய ஃபிளாஞ்ச் வளைந்து, நடுவில் வாய் திறந்து, லீக் முன்னைவிட அதிகமாகும். கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதே கண்ணாடியில் நைஸ் உப்புத்தாளை விரித்து மெதுவாகத் தேய்த்தால் மட்டம் வந்துவிடும். பொறுமையில்லாதவர்களுக்கு, தெருவுக்குத் தெரு லேத் இருக்கிற ஊர் நம்முடையது.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் தொங்கினால், டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள். கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் காற்றும் எண்ணெயும் புகாமல் அடைக்கிற வளையம் அது. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் ஏர் இழுத்து லீன் ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொண்டு வெள்ளைப் புகை தள்ளும், பிளக் எண்ணெய் வழிய நனைந்திருக்கும். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து ஆறு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்து, சில நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. இதைச் செய்யாமலே "கார்பரேட்டர் போச்சுங்க, புதுசு போட்டுருங்க" என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஊசியும் கம்பியும்

ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்று முடிவாகத் தெரிந்தால் கழற்றிச் சுத்தம் பண்ணத்தான் வேண்டும். எதை வைத்து என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். சேஃப்டி பின், கேபிளிலிருந்து உருவிய எஃகு இழை, கிடைத்த கம்பி எல்லாம் உள்ளே போகும். கேஹின் கம்பெனி ஜெட்டில் அச்சடித்த எண் துளையின் விட்டத்தைச் சொல்வது. 45 என்றால் 0.45 மில்லிமீட்டர், அடுத்த சைஸ் 48 என்றால் 0.48. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. பித்தளையை எஃகால் நாலு இழுப்பு இழுத்தால் ஜெட்டின் மேல் 45 என்றுதான் இருக்கும், உள்ளே அது 45 இல்லை. அதன் பிறகு எந்த டியூனிங்கும் பிடிக்காது.

கார்ப் கிளீனரில் ஊறப்போட்டு, கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் பெரும்பாலும் போதும். மசியாத அடைப்புக்கு மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. காற்றடிப்பதற்கு முன்னால் மிதவையையும் ரப்பர் வாஷர்களையும் கழற்றிவிடுங்கள். ஜெட்டை மட்டும் சுத்தம் பண்ணிவிட்டு மூடுவது அரைகுறை வேலை: ஏர் ஸ்க்ரூ துளையில் அடித்த கிளீனர், கார்பரேட்டர் வாய்க்குள் இருக்கிற ஊசித்துளைகள் வழியாகப் பீச்சி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஜெட்டை மாற்றுவது, நீடில் கிளிப்பை ஏற்றி இறக்குவது எல்லாம் ஸ்லோவுக்குச் சம்பந்தமில்லாத வேலைகள். நீடிலின் ஆட்சி கால்வாசி ஆக்சிலரேட்டருக்கு மேல்தான். மெயின் ஜெட் முக்கால்வாசிக்கு மேல்.

எந்தப் பக்கத்து ஸ்க்ரூ?

யூடியூபில் "வெளியே திருகினால் ரிச்" என்று ஒருவர் சொல்வார், "லீன்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் சரி, வண்டிதான் வேறு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது; வெளியே திருகினால் லீன். பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் மிக்குனி கார்பரேட்டர்களும் ட்ரையல்ஸ் வண்டிகளில் வருகிற கேஹின் பிடபிள்யூகே 28-உம் இந்த வகை. ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையை அளக்கிறது. வெளியே திருகினால் ரிச். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பரவலாக இருப்பது இது.

உள்ளே மெதுவாக, முட்டுகிற வரைக்கும்தான் திருக வேண்டும். இறுக்கினால் ஊசிமுனை உடைந்து துளைக்குள்ளேயே நிற்கும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, கால் கால் சுற்றாக நகர்த்தி, சத்தம் எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். அங்கே நிறுத்திவிட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவால் ஸ்லோவைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஒருமுறை. ஏர் ஸ்க்ரூ வகையில் அரைச் சுற்றுக்கும் உள்ளேதான் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் சின்னது, அல்லது இன்னும் அடைப்பு இருக்கிறது. இரண்டரைச் சுற்றைத் தாண்டியும் வெளியே திருக வேண்டியிருந்தால் ஜெட் பெரியது, அல்லது சோக் பிளஞ்சர் முழுதாக மூடாமல் பெட்ரோல் கசிகிறது.

மற்றவை

பிளக் கேப், பிளக்கில் கரி, டூ ஸ்ட்ரோக் சைலன்சரில் கரி, ஃபோர் ஸ்ட்ரோக்கானால் டேப்பட் இடைவெளி: இவற்றைக் கார்பரேட்டரில் கை வைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்தால் கிளம்புகிறது என்றால் மூடியின் மூச்சுத்துளை அடைப்பு.

ஏர் ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம். திருப்பூர்ப் பக்கம் நூற்பாலைத் தெருக்களில் ஓடும் வண்டியில் பஞ்சும், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த்தூளும் ஃபில்டரில் மெத்தை போலப் படிந்திருக்கும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளப்புகிற செம்மண் வேறு. ஃபில்டர் அடைத்து ரிச் ஆனதைப் பார்த்துவிட்டு ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகியவர், அடுத்த வாரம் ஃபில்டரைக் கழுவியதும் லீனில் மாட்டுவார். ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டிய பிறகுதான் டியூனிங்.

ட்ரையல்ஸ் வண்டி தினமும் விழும். விழுந்த பிறகு ஸ்லோ கெட்டால் மிதவை சிக்கியதா, கார்பரேட்டரே ரப்பருக்குள் சாய்ந்து திரும்பிவிட்டதா என்று பாருங்கள். சாய்ந்து நின்றால் பெட்ரோல் மட்டம் மாறிவிடும். கார்பரேட்டரிலிருந்து தொங்குகிற ரப்பர் டியூப்களைப் பெட்ரோல் சிந்துகிறதே என்று முடிச்சுப் போட்டு வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் சில, கிண்ணத்துக்கு மூச்சு போகிற வழி. அதை அடைத்தால் பெட்ரோல் சீராக இறங்காது. ஓடைத் தண்ணீரில் அதன் முனை முங்கினாலும் அதே கதைதான்.

மலைக்குப் போனால் ஸ்லோ இறங்கும், அது நோயில்லை. ஊட்டி 2,240 மீட்டர், கோவை சுமார் 400. மேலே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, கலவை தானாக ரிச் ஆகிறது. அங்கே ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் அடுத்த நாள் வெயிலில் லீனாக ஓடுவீர்கள். வால்பாறை அளவு உயரத்துக்கு ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

கடைசியாகப் பெட்ரோல். 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் இருபது சதவீத எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே வேண்டும். அதனால் பழைய ஜெட்டிங்கில் வண்டி சற்று லீனாகவே ஓடும். ஏர் ஸ்க்ரூவை முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் உள்ளே திருக வேண்டியிருப்பதில் ஆச்சரியமில்லை. எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும். மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தண்ணீர்த் திவலையும் பச்சைப் பாசி போன்ற அழுக்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர்கள் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு பாட்டிலில் வடித்துவிடுங்கள். வடித்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தால், அடியில் தனியாகத் தண்ணீர் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நின்றால் டேங்கையும் சேர்த்துக் காலி பண்ண வேண்டும்.