வேலை நகரவில்லையா? இடத்தை மாற்றிப் பாருங்கள்

இரண்டு வரி எழுதுவதும் அழிப்பதுமாகவே பொழுது போகிறதா? திறமை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

படி 1: தடை எங்கே?

அடுத்து செய்ய வேண்டியதை ஒரே வரியில் எழுதுங்கள். 'அறிக்கையின் முதல் பத்தி' என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். எழுத முடிந்தும் வேலை ஓடவில்லை என்றால் இடத்தை மாற்றலாம். அந்த ஒரு வரியே வரவில்லை என்றால் சிக்கல் வேலையில்தான் இருக்கிறது. எங்கே போய் உட்கார்ந்தாலும் அது கூடவே வரும். விஷயம் தெரிந்தவரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொண்டு வாருங்கள்.

படி 2: முதலில் அகற்றுங்கள்

இந்த வேலைக்கு வேண்டாத எதுவும் மேசையில் இருக்க வேண்டாம். போன் அடுத்த அறைக்குப் போகட்டும். கவிழ்த்து வைத்தால் போதாதா என்றால், போதாது என்றே சொல்வேன். அப்புறம் வெளிச்சம்: ஜன்னல் நேர் எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள்.

படி 3: வேலைக்கேற்ற இடம்

2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புதிய யோசனைகள் அதிகம் வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆக, அழகான பூங்கா கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். பலரும் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எனவே, எப்படித் தொடங்குவது என்று தேடும்போது எழுந்து நடங்கள். வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சரி. கணக்கைச் சரிபார்க்கவும் பிழை திருத்தவும் உட்காருங்கள். தோன்றுவதைக் குறிக்க ஒரு துண்டுத் தாள் போதும். குரல் பதிவுக்காக என்று போனை எடுத்தால் படி 2 போச்சு!

படிப்பில் தேக்கமா? 1978-இல் ஸ்மித், க்ளென்பெர்க், பியோர்க் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஒரே சொற்பட்டியலை இரண்டு வேறு அறைகளில் படித்தவர்கள், ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிட அதிகச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது அறையை மாற்றுங்கள்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இடம், நேரம், இசை எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் பாருங்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதை விடுங்கள். எது முடிந்தது என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள்.

படி 5: வெளியே போவதென்றால்

ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தினமும் புது இடம் தேடாதீர்கள், பழகவே பாதி நேரம் போய்விடும். மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரண்டு இடங்கள் போதும். மடிக்கணினி என்றால் சார்ஜரை விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். பேட்டரி தீர்ந்ததும் எழுந்து வந்துவிடலாம்.