பத்து லட்சத்தில் விழுந்த என் ஸ்கீம் கம்பைலர்

எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டும் கருவித்தொகுப்பின் மேல், ஸ்கீம் என்ற நிரல்மொழிக்கு ஒரு குட்டி கம்பைலர் (நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் மென்பொருள்) கட்டினேன். கூட்டல், கழித்தல் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. தன்னையே அழைக்கும் சுழல் ஒரு லட்சம் வரை எண்ணியது. பத்து லட்சம் கொடுத்ததும் விழுந்தது. லினக்ஸ் வழக்கமாகத் தருவது 8 எம்பி ஸ்டாக், அதாவது இன்னும் முடியாத அழைப்புகளின் விவரம் அடுக்கப்படும் நினைவகம். ஒவ்வோர் அழைப்பும் 16 பைட் பிடித்தாலே கதை முடிந்தது. ஒரு செயல்கூறு தன் கடைசி வேலையாகச் செய்யும் அழைப்புக்கு ஸ்டாக் வளரக்கூடாது என்பது ஸ்கீமின் விதி. அம்மொழியின் 1998 வரையறை ஆவணமான ஆர்5ஆர்எஸ் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

கம்பைலர் துப்பிய இடைநிலைக் குறியீட்டை வரிவரியாகப் படித்தேன். ‘இஃப்’பின் இரு கிளைகளும் விடையை ஒரு தற்காலிக இடத்தில் போட்டுவிட்டு, பொதுவான முடிவில் சேர்ந்து திரும்பின. அழைத்த உடனே திரும்பினால்தான் அது கடைசி அழைப்பு; ‘கால்’ (அழை) வரிக்கும் ‘ரெட்’ (திரும்பு) வரிக்கும் நடுவே நானே சுவர் எழுப்பியிருந்தேன்! ‘இது கடைசி இடமா’ என்ற கொடியைக் குறியீடு உருவாக்கும் ஒவ்வொரு செயல்கூறுக்கும் அனுப்பினேன். ஆம் என்றால் அந்தக் கிளையே நேராகத் திரும்பும்.

பிறகு, கடைசி அழைப்பில் ஸ்டாக் வளராமல் பார்த்துக்கொள்ளும் ‘டெயில்சிசி’ அழைப்பு முறையைச் செயல்கூறின் வரையறையில் மட்டும் எழுதி, அழைக்கும் இடத்தில் மறந்தேன். குறியீட்டை மேம்படுத்தும் ஆப்டிமைசர் அந்த அழைப்பையே ‘அன்ரீச்சபிள்’ (ஒருபோதும் எட்டாத இடம்) ஆக்கிவிட்டது, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். அரை நாள் போயிற்று. அங்கும் எழுதியபின் ஒரு கோடி வரை எண்ணுகிறது.