மலையில் ஓடும் கோல்ஃப் வண்டிக்கு டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ரிசார்ட்டுகளில் கேட்டிலிருந்து மேலே அறை வரைக்கும் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிற பேட்டரி வண்டிகளில் முக்கால்வாசி கோல்ஃப் வண்டிகள்தான். அதற்குக் காற்றடிக்கப் போனால் பஞ்சர் கடைப் பையன் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வைக்கணும்ணா?" டிரைவர்கள் பலர் காருக்குச் சொல்கிற மாதிரி 30 என்று சொல்லிவிடுகிறார்கள். சாதாரண கோல்ஃப் வண்டி டயருக்கு இது மிக அதிகம். டயர் கல் மாதிரி ஆகி, ரோட்டில் படுகிற அகலம் குறைந்து, மழையில் நனைந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் கிடைக்காது. ஆள் ஏற்றுகிற வண்டி என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அலட்சியமே கூடாது.

முதலில் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் படியுங்கள். 18×8.50-8 என்று இருந்தால் 18 அங்குல உயரம், எட்டரை அங்குல அகலம், 8 அங்குல ரிம். பழைய பாணி வண்டிகளில் இதுதான் அதிகம். அதே சுவரில் பொடி எழுத்தில் அதிகபட்சச் சுமையும் அதிகபட்சக் காற்றும் போட்டிருக்கும். 4 பிளை (நான்கு அடுக்குப் பலம்) டயர்களில் 22 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு, நாம் 20, 30 என்று சொல்வது இதைத்தான்) என்பதைப் பரவலாகப் பார்க்கலாம். அது தாண்டக் கூடாத எல்லை. வைக்க வேண்டிய அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 18-லிருந்து 22-க்குள். அழகுக்காக 10 அல்லது 12 அங்குல அலாய் ரிம்மும் ஒல்லிச் சுவர் டயரும் மாட்டியிருந்தால் கணக்கே வேறு, சிலவற்றுக்கு 30-க்கு மேல்கூட வரும். அதனால் பக்கத்து ரிசார்ட் வண்டிக்கு வைத்ததை அப்படியே நம் வண்டிக்கு வைக்காதீர்கள்.

சரி, 18-லிருந்து 22-க்குள் எதை எடுப்பது? புல்தரையில் மட்டும் ஓடும் வண்டி என்றால் கீழ்ப்பக்க அளவு போதும், புல்லும் நசுங்காது, உட்காருகிறவருக்கும் குலுங்காது. தார் ரோடு, சிமெண்ட் பாதை, ஏற்றம் என்றால் மேல்ப்பக்கம் போங்கள். காற்று குறைந்த டயர் உருளவே சிரமப்படும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், மதியத்துக்குள் சார்ஜ் காலியாகும். அதைவிடப் பெரிய ஆபத்து சரிவில் குறுக்காகப் போய்த் திரும்பும்போது வரும். எடை முழுக்க கீழ்ப்பக்க டயர்மேல் சாயும், காற்று போதாவிட்டால் சுவர் மடங்கும், டியூப்லெஸ் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று மொத்தக் காற்றும் இறங்கிவிடும். நான்கு பேர் உட்காரும் வண்டி, தார்ப் பாதை, டயரின் எல்லை 22 என்றால் நான் 20 வைப்பேன். பின்பக்கம் கூடுதல் சீட்டு போட்டு எப்போதும் ஆளும் பெட்டியுமாகப் போகிற வண்டிக்குப் பின் டயர்களில் 22. கையேட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தால் அதுதான் சரி, என் கணக்கை விட்டுவிடுங்கள்.

அடுத்து, எப்போது அளப்பது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். ஊட்டி டிசம்பர், ஜனவரியில் இதைப் புரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தலைக்குந்தா பக்கம் உறைபனி கொட்டுகிற காலையில் 3 டிகிரி இருக்கும், மதிய வெயிலில் 20-ஐத் தொடும். அந்த வித்தியாசத்துக்கே 20 பிஎஸ்ஐ வைத்த டயரில் ஏறக்குறைய 2 ஏறி இறங்கும். விடிகாலையில் 18 காட்டினால் உடனே பஞ்சர் என்று நினைக்க வேண்டாம், நேற்று எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று யோசியுங்கள். அதே மாதிரி மதியம் 22-க்கு மேல் காட்டுகிறதே என்று வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றவும் வேண்டாம். டயரில் போட்டிருக்கும் எண்ணே குளிர்ந்த நிலைக்கான எண்தான். வெளியேற்றினால் மறுநாள் காலை காற்று பற்றாக்குறையோடு கிளம்புவீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் காற்றடித்து டெம்போவில் ஏற்றி வந்த வண்டி பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். மேலே வர வர காற்று கூடும் என்பார் ஒருவர், குளிரில் குறையும் என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் வெளிக் காற்றின் அழுத்தம் அங்கே குறைவு, அதனால் காற்றை அளக்கும் கேஜ் சுமார் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். கீழே 35 டிகிரியில் அடித்தது மேலே 12 டிகிரிக்கு வந்தால் சுமார் இரண்டரை குறையும். ஒன்றை ஒன்று அடித்துவிடும், ஆனால் அன்றைய வெயிலைப் பொறுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். கொடைக்கானலிலும் இதே கதைதான். ஆக, வண்டி ஓடுகிற இடத்தில் ஓர் இரவு நிற்கட்டும், காலையில் அளந்து சரிசெய்யுங்கள்.

கேஜ் சொந்தமாக வாங்குங்கள், 22-க்குள் வைக்கிற டயருக்கு 0-லிருந்து 30 வரை அளக்கிறது போதும். லாரி டயருக்கு வைத்திருக்கும் பெரிய கேஜில் 18-க்கும் 21-க்கும் வித்தியாசமே தெரியாது. சின்ன டயர் என்பதால் கம்ப்ரசரில் கண் மூடித் திறப்பதற்குள் 35-ஐத் தாண்டிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டருக்கு வைத்திருக்கும் கை பம்ப்பே போதும் என்பேன்.

அளவு சரியா என்று டயரையே கேட்கலாம். காய்ந்த சமமான பாதையில், வழக்கமாக ஏறும் ஆட்களை உட்காரவைத்து, டயர் பட்டன்மேல், அதாவது ரோட்டில் படுகிற பகுதியில், குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு அகலமாகப் போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு, முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் சரி. ஒன்றொன்றாகக் கூட்டியோ குறைத்தோ மறுபடி பாருங்கள், கையேட்டின் வரம்பை மட்டும் விட்டுப் போகாதீர்கள்.

இடது வலது இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இந்த வண்டிகளில் பலவற்றுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். ஒரு பக்கம் காற்று இறங்கியிருந்தால் இறக்கத்தில் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும், நம் ஊர்ப் பாதைகளில் அந்தப் பக்கம் பள்ளமாகத்தான் இருக்கும்.

ஒரே டயர் மட்டும் வாரா வாரம் இறங்கினால் சோப்புத் தண்ணீரை வால்வின் அடியிலும் ரிம்மைச் சுற்றியும் தடவிப் பாருங்கள். மூடுபனியிலும் மழையிலும் நிற்கிற வண்டிக்கு இரும்பு ரிம் ஓரம் துருப்பிடித்து அந்த வழியாகவே காற்று கசியும். டயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து மாட்டினால் நிற்கும். வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயருக்கு எந்த அளவும் சரிவராது, மாற்றிவிடுங்கள்.