பழைய காருக்கு ரீகண்டிஷன் பார்ட் வாங்கும்போது என்ன பாக்கணும்

தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் பக்கம் கோர்டினா, பீட்டில், நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப்) மாதிரி பழைய வண்டிய ஆசையா வச்சிருக்கிறவங்க ரீகண்டிஷன் பார்ட், அதாவது பழச சரிபண்ணி திரும்ப விக்கிற பார்ட், வாங்கப் போனா முதல்ல விலை கேக்காதீங்க, "அண்ணா, உள்ள என்னென்ன மாத்துனீங்க?"ன்னு கேளுங்க. புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்ச ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள்ள பழைய புஷ்ஷும் தேஞ்ச பிரஷ்ஷும் அப்படியே இருக்கலாம், வெளிய பாத்தா தெரியவே தெரியாது.

கார்புரேட்டர்லதான் இது ரொம்ப நடக்குது. கோர்டினா எக்ஸ்ஆர்6ல இருக்கிற 3 லிட்டர் எசெக்ஸ் வி6க்கு வெபர் கார்ப் வரும், அத கழுவி கேஸ்கெட் கிட் மட்டும் மாத்திட்டு ரீபில்ட்ன்னு விப்பாங்க, ஆனா உண்மையில தேயறது த்ராட்டில் ஸ்பிண்டிலும் (காத்து விடுற தகடு மாட்டியிருக்கிற கம்பி) அது சுத்துற ஓட்டையும்தான். ரெண்டு விரலால ஸ்பிண்டில புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா அந்த இடுக்கு வழியா காத்து இழுக்கும், ஐடில் நிக்காது, எவ்வளவு ட்யூன் பண்ணாலும் வேஸ்ட். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டையும் இதே மாதிரி ஆட்டிப் பாக்கணும். அதே எசெக்ஸ் எஞ்சின முழுசா ரீகண்டிஷன்ல வாங்குறீங்கன்னா ஃபைபர் டைமிங் கியர் மாத்தியாச்சான்னு கண்டிப்பா கேளுங்க, அது பல்லு உதிர்ந்து வண்டிய நடுரோட்டுல நிறுத்தும். கிராங்க் ஷாஃப்ட்ட 0.25 மில்லிமீட்டரா 0.50 மில்லிமீட்டரா, எவ்வளவு கிரைண்ட் பண்ணிருக்குன்னு பில்லுல எழுதி வாங்கிடுங்க.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஃப்ளூயிட்ட தள்ளுற சிலிண்டர்) விஷயத்துல நான் கறாரா இருப்பேன். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்த இழுக்கும், நம்ம கடலோர ஊர்ல வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா சிலிண்டர் உள்ள துருப்பிடிச்சு குழி விழுந்துரும். குழி மறையற வரைக்கும் ஹோன் பண்ணி (உள்சுவர தேச்சு) ரப்பர் கிட் போட்டா சிலிண்டரோட உள் விட்டம் பெருசாயிடும், ரப்பர் புடிக்காது, மிதிச்சுக்கிட்டே இருந்தா பெடல் மெதுவா கீழ இறங்கும். உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் (ஸ்லீவ்) போட்டு ஒரிஜினல் சைஸுக்கே கொண்டுவந்ததா வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா பிள்ளைங்கள பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு செங்குத்தான ஃபீல்ட்ஸ் ஹில் ரோட்டுல இறங்குறோம், இதுல காசு மிச்சம் புடிக்கவே கூடாது.

எக்ஸ்சேஞ்ச்னு சொல்லி பழைய பார்ட்ட உடனே கேப்பாங்க, குடுத்துடாதீங்க. டெபாசிட் கட்டிட்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சு போல்ட் ஓட்டை, பினியன் பல்லு எண்ணிக்கை, பாடில இருக்கிற நம்பர் எல்லாம் ஒத்துப் பாத்து, மாட்டி ஓட்டின பிறகு குடுங்க. என்ன கேட்டா உங்க பார்ட் உடையாம வெடிக்காம இருந்தா அதையே ரீபில்ட் பண்ணச் சொல்றதுதான் நல்லது, அது உங்க வண்டிக்குப் பொருந்தும்னு ஏற்கனவே தெரியும்ல.

வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறவங்க, அமெரிக்கா பார்ட்னா ஸ்டியரிங் பாக்ஸ், ராக் எல்லாம் லெஃப்ட் ஹேண்ட் வண்டிக்கு, நமக்கு ஆகாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பரவால்ல, ஆனா டியூட்டி, 15% வாட், பழைய பார்ட்ட திருப்பி அனுப்புற கூலி எல்லாம் கூட்டிப் பாத்தா பல நேரம் உள்ளூர்ல பண்றதே மலிவு.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. 2008ம் வருஷ கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட்படி, ஒரிஜினல் கம்பெனி பேரு இருக்கிற பார்ட்ட ரீகண்டிஷன் பண்ணி வித்தா அது ரீகண்டிஷன்னு பார்ட் மேலயே தெளிவா போடணும். கராஜ்ல மாட்டினா பார்ட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து குறைஞ்சது 3 மாச வாரண்டி, கழட்டின பழைய பார்ட்டையும், நீங்க வேணாம்னு சொல்லாத வரைக்கும், திருப்பிக் குடுக்கணும். கவுண்டர்ல வாங்கினது தரமில்லன்னா 6 மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். தொழிலா விக்காம தனியா ஒருத்தர் வீட்டுல இருந்து விக்கிறதுக்கு இது செல்லாது, அதனால அந்த மாதிரி இடத்துல கையால ஆட்டிப் பாக்காம எதையும் எடுக்காதீங்க. கடைக்காரர் ஒத்துக்கலன்னா பில், போட்டோ எல்லாத்தையும் வச்சு எழுத்துல புகார் குடுத்துட்டு, பதில் சரியில்லன்னா மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்பட்ஸ்மேன்கிட்ட (வண்டித் தொழில் புகார்கள விசாரிக்கிற அமைப்பு) போங்க.