டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்: உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி?

இலக்கியம், வரலாறு, மொழியியல் படித்தவர்கள் தங்கள் துறையைக் கணினி முறைகளால் ஆராய்வதே டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ். தமிழில் சிலர் இதை 'டிஜிட்டல் மானுடவியல்' என்கிறார்கள். மானுடவியல் வேறு துறை. அந்தப் பெயரில் தேடினால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள். இன்னொன்று: இங்கே பணம் பெரும்பாலும் படிப்பின் பெயரில் வராது, ஆய்வுத் திட்டத்தின் பெயரில்தான் வரும்.

படி 1: முதுகலையா, முனைவர் பட்டமா?

முதுகலைக்கு முழு உதவி தரும் இடங்கள் குறைவு. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டுப் படிப்புக்குக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் தரும். லண்டனின் யூசிஎல், கிங்ஸ் கல்லூரி இரண்டிலும் இந்தப் படிப்பு உண்டு. செவனிங்குக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். கேம்பிரிட்ஜின் எம்ஃபில்லுக்கு (அங்கே அது முதுகலைப் படிப்பு) கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை உண்டு. அதற்குத் தனிப் படிவம் கிடையாது; சேர்க்கை விண்ணப்பத்துக்குள்ளேயே கேட்க வேண்டும். தனியாக வரும் என்று காத்திருந்து தவறவிடுபவர்கள் உண்டு.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் அங்குள்ள டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் முதுகலைகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. இந்தியர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ் வாங்க வேண்டும், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

படி 2: முனைவர் பட்டத்தை வேலையாகத் தேடுங்கள்

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு பல நேரம் சம்பள வேலையாகவே வரும். விளம்பரத்தில் 'டிவி-எல் இ13, 65 சதவீதம்' என்றிருந்தால், அரசு ஊதிய அட்டவணையின் 13-ஆம் நிலையில் முழுச் சம்பளத்தின் 65 சதவீதம் என்று பொருள். வரியும் காப்பீடும் அதிலிருந்தே பிடிக்கப்படும். 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்று மட்டும் தேடினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. மின்பதிப்பு, கணினி மொழியியல், சுவடியியல் என்றும் தேடுங்கள். தமிழ் படித்தவர்கள் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தமிழ் ஓலைச்சுவடிகளில் அங்கே நெடுங்கால உழைப்பு இருக்கிறது.

படி 3: ஒரு சிறு தரவுத் தொகுப்பைச் செய்து காட்டுங்கள்

மதிப்பெண் பட்டியலைவிட இதற்கு எடை அதிகம். ஒரு மாதத்தை இதற்கே ஒதுக்குங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் ஒன்றில் 20 பக்கம் எடுங்கள். பதிப்புரிமைச் சிக்கல் வராது. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும் மென்பொருள்) ஓட்டி, வரிக்கு வரி மெய்ப்பு பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னா, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறும். 'ர'வும் துணைக்காலும் மாறி விழும். எந்தப் பிழை எத்தனை முறை வந்தது என்று அட்டவணை போடுங்கள். அந்த அட்டவணைதான் உங்கள் ஆய்வுத் திறனுக்குச் சாட்சி.

அடுத்து யூனிகோடு, அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியீட்டு முறை. 'கொ' என்ற எழுத்தை க, ொ என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். க, ெ, ா என மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். 'கொடி' எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் கணக்கே தவறிப்போகும். கோப்பு முழுவதையும், ஓர் எழுத்தை எங்கும் ஒரே விதமாகச் சேமிக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள். முடித்ததை, நூலின் அமைப்பைக் குறிச்சொற்களால் காட்டும் டிஇஐ எக்ஸ்எம்எல்லில் (TEI XML) குறியிட்டு, செய்த முறையை ஒரு பக்கத்தில் எழுதி, கோப்புகளைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுங்கள்.

படி 4: ஆய்வு முன்மொழிவு

'சங்க இலக்கியம் முழுவதையும் செயற்கை நுண்ணறிவால் ஆராய்வேன்' என்று எழுதினால் நிராகரிப்புதான். 'குறுந்தொகையின் 401 பாடல்களில் செடிகொடிப் பெயர்கள், பாடலுக்குக் குறித்த திணையோடு எந்த அளவு பொருந்துகின்றன?' என்று கேளுங்கள். இது மூன்றாண்டில் முடிகிற அளவு; விடை நாம் எதிர்பார்த்ததற்கு மாறாகவும் அமையக்கூடிய உண்மையான கேள்வி. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம்: கேள்வி, கிட்ஹப் இணைப்பு, எந்த உதவித்தொகைக்கு முயல்கிறீர்கள் என்பது. இவ்வளவு போதும்.

படி 5: இந்திய வழிகள்

யூஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நெட்டில் இத்துறைக்குத் தனித் தாள் இல்லை. உங்கள் முதுகலைப் பாடத்திலேயே எழுதுங்கள். ஐஐடி ஜோத்பூரில் இத்துறையிலேயே முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைப் பலர் நம்பியிருக்கிறார்கள். 2022-இல் வந்த விதிகள் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளை அதிலிருந்து விலக்கிவிட்டன. தமிழ்ச் சுவடிகளை ஆராய நினைக்கும் பிள்ளைகளை நேராகத் தாக்கும் விதி இது, மனம் கனக்கிறது. தலைப்பை முடிவு செய்யும் முன்பே அந்த ஆண்டின் வழிகாட்டு விதிகளை வரி விடாமல் படித்துவிடுங்கள்.