கடல் மீனில் ஒளிரும் பாக்டீரியா: கோத்தகிரி வீட்டிலேயே பார்க்கலாம்

கடலே கண்ணில் படாத மலையில் கடல் பாக்டீரியாவைப் பார்க்க முடியுமா? முடியும். சமவெளியை விட இங்கே எளிது, ஏனென்றால் ஒளிரும் கடல் பாக்டீரியாக்கள் அடங்கிய ஃபோட்டோபாக்டீரியம் என்ற பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சில இனங்களுக்குக் குளிர் பிடிக்கும். சமவெளி வெப்பத்தில் மீனை அழுகச் செய்யும் மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும்.

முதலில் மீன். கணவாயோ காரலோ வாங்குங்கள். மீன்காரர் பழக்கத்தில் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுவார். "அண்ணே, கழுவாமல் அப்படியே தாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். என் முதல் முயற்சி இதனால்தான் வீணானது. இந்த பாக்டீரியாக்களுக்கு சோடியம் இல்லாமல் வாழ்வில்லை. நல்ல தண்ணீர் பட்டால் பல செல்கள் வெடித்து அழிந்துவிடும்.

அடுத்து உப்புநீர். காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கல் உப்பைக் கரையுங்கள். தட்டில் மீனை வைத்து, பாதி மூழ்கும்படி ஊற்றி, தளர்வாக மூடுங்கள். மார்கழிக் குளிரில் சமையலறைக்கு வெளியே ஒரு மூலை போதும். 10 முதல் 15 டிகிரி இருந்தால் சரி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடாதீர்கள். அந்த மீனைச் சாப்பிடவே கூடாது.

ஒன்றிரண்டு நாளில், இரவில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் இருட்டில் உட்காருங்கள். இதில் அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் மீன் தோலில் ஊசிமுனைப் புள்ளிகளாக நீலப்பச்சை ஒளி தெரியும். தட்டில் உள்ள நீரை ஒரு சிறு புட்டியில் முக்கால் பங்கு ஊற்றி அசையாமல் வைத்தால் ஒளி மங்கும். குலுக்கினால் சட்டென்று மீண்டும் எழும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்ததுதான் காரணம். லூசிஃபெரேஸ் என்ற நொதி ஆக்சிஜனைக் கொண்டே ஒளியை உண்டாக்குகிறது. மீன் ஒளிரக் காற்று வேண்டும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பாயில் சோதித்துக் காட்டினார்.

இனி ஃபோட்டோபாக்டீரியம் என்ற பெயர். கிரேக்கத்தில் 'ஃபோஸ்' ஒளி, 'பாக்டீரியன்' சிறு கோல். ஒளிரும் கோல் என்று 1889இல் டச்சு அறிவியலாளர் பெயரிங்க் பெயர் வைத்தார். லத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்து பெரியது, இனப்பெயர் முழுவதும் சிறியது, இரண்டும் சாய்வெழுத்தில். இனப்பெயரில் கதை இருக்கும். காரல் மீனின் உணவுக்குழாயைச் சுற்றியுள்ள ஒளியுறுப்பில் வாழ்வது ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னாதி. லெயோக்னாதஸ் என்பது காரல் வகை மீன்களின் பேரினப் பெயர். அந்தச் சிறு மீனுக்குள் இப்படி ஒரு விளக்கு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பெயர் நிலையானது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் ஃபிஷரின் நினைவாகப் பெயர் பெற்ற ஃபிஷரி என்ற ஒளிரும் இனம் விப்ரியோ என்ற வேறொரு பேரினத்தில் இருந்தது, ஃபோட்டோபாக்டீரியத்திலும் வைக்கப்பட்டது, 2007இல் அலிவிப்ரியோ என்ற புதிய பேரினத்துக்குப் போனது. ஆகவே உங்கள் தட்டில் ஒளிர்வது எந்த இனம் என்று கண்ணால் பார்த்து எழுதிவிடாதீர்கள். "ஒளிரும் கடல் பாக்டீரியா" என்று குறித்தால் போதும்.

முடிந்ததும் நீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். மீனை முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே கல் வையுங்கள். எங்கள் பக்கத்தில் கரடி வரும்.